பத்தாவது குப்பி

பத்தாவது குப்பி மஞ்சளாகியிருந்தது.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். மஞ்சள்தான்.

மற்ற ஒன்பதும் ஊதா. நேற்று மாலை வரை இதுவும் சமர்த்தாக ஊதாவாகத்தான் இருந்தது.

வெளியே நையாண்டி மேளம் வெளுத்து வாங்கியது.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்யும் அந்தக் கம்பெனியிலிருந்து முதன்முதலாக ஒரு லோடு கடல் தாண்டப் போகிறது. அறுநூற்று நாற்பது பெட்டி. லாரிக்கு மாப்பிள்ளைக் கோலம். பேக்கிங் பெண்கள் எண்பது பேரும் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள். இந்த ஆர்டர் நிலைத்துவிட்டால் இரண்டாம் ஷிப்ட் வரும். தங்கச்சிக்கும் நாத்தனாருக்கும் இப்போதே வேலை சொல்லிவைத்துவிட்டார்கள்.

அவளும் பட்டுதான். காலை நாலரைக்கே எழுந்து கட்டியது.

பரிசோதனை அறை அவள் பொறுப்பு. அவள் கையெழுத்துப் போட்ட தாள்தான் சரக்கோடு கப்பலேறும். ஒரு வாரமாகப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அந்தக் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகாசியில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு இரண்டு தடவை போன் பண்ணிச் சொல்லியாயிற்று. சந்தோஷத்தில் இட்லிகூட இறங்கவில்லை.

இப்போது இந்த மஞ்சள்.

நீராவிச் சேம்பரில் பெட்டிகளுக்கு நடுவே பத்துக் குப்பிகளையும் வைத்து அவிப்பார்கள். ஒவ்வொன்றிலும் லேசில் சாகாத கிருமி. பிறகு ஏழு நாள் இளஞ்சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஊதா மாறாவிட்டால் கிருமி செத்தது. மஞ்சளானால் பிழைத்துக் கிடக்கிறது. துணியிலும் பிழைத்துக் கிடக்கலாம்.

ஆறு நாள் மாறாதது ஏழாம் நாளா மாறப் போகிறது என்று நேற்றே லோடு ஏற்றிவிட்டார்கள்.

ஏன் மாறியது என்று அவளுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். நீராவி முடிய பத்தே முக்கால் ஆகும். முதல் ஏற்றுமதிச் சரக்கு ராகு காலத்திலா வெளியே வருவது? யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் இருபது நிமிடம் முன்னாலேயே வால்வை மூடினாள். இதில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று மெஷின்காரரிடம் சிரித்துக்கொண்டே கேட்கவும் செய்தாள்.

மஞ்சளானது கதவோரத்து மூலையில் இருந்த குப்பி. அந்த மூலையிலிருந்த பெட்டிகள் எவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் கலந்து லாரியில் இருக்கின்றன.

தாளை வாங்கிப்போக முதலாளி கோதண்டராம ராஜா தானே வந்தார். சட்டையில் சந்தனம். குப்பியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

அவள் வால்வு விஷயத்தையும் சேர்த்து ஒப்பித்துவிட்டாள். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் திட்டாத மனிதர். இன்றும் திட்டவில்லை. மறுபடி அவித்து இன்னும் ஏழு நாள் பார்ப்பதென்றால், ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிப் போய்விடும். கூடவே ஆர்டரும் போய்விடும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒம்போது நல்லாத்தானம்மா இருக்கு" என்றார்.

தன் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை.

ஒரே ஒரு வார்த்தை. ஊதா என்று எழுதினால் தீர்ந்தது. எந்தத் தேசத்திலோ, யாருக்கோ, அறுத்த வயிற்றில் வைக்கப்போகிற துணி. காய்ச்சல் கண்டால் மாத்திரை கொடுப்பார்கள். துணியைத் தேடிக்கொண்டு ராஜபாளையத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

வரமாட்டார்கள் என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது.

எழுதினாள். பத்து, மஞ்சள். கீழே, சரக்கை அனுப்பக் கூடாது. எல்லாம் இங்கிலீஷில். அதற்கும் கீழே கையெழுத்து. அவ்வளவு அழகாக அது ஒருநாளும் விழுந்ததில்லை.

தாளோடு அவள் வாசலுக்கு வந்ததும் எண்பது பேரும் குலவை போட்டார்கள். யாரோ பூவை அள்ளி வீசினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கல்யாணத்தன்றுகூடத் தனக்காக இத்தனை பேர் குலவையிட்டதில்லை.

டிரைவர் சுடலைமணி தாளை இரண்டு கையாலும் வாங்கினார். படிக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். வெள்ளிக்கிழமை. இன்றும் பத்தரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

அனுப்பக் கூடாதுண்ணே என்று அவள் சொன்னது அந்த மேளத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

பூசணிக்காய் உடைந்தது. இஞ்சின் உறுமியது.

அவள் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். வண்டியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள அக்காவுக்கு ஆசை போலிருக்கிறது என்று பேசிச் சிரித்தார்கள். பேக்கிங் மாரீஸ்வரி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயமா என்று பார்த்தாள். பயமில்லை. இப்படி ஒரு சந்தோஷம் தனக்குள் கிடக்கும் என்று அவளுக்கே தெரியாது.

சிரித்தாள்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் எடுத்தாயிற்று. எல்லாரும் அவள் விலகுவதற்காகக் காத்திருந்தார்கள்.