வலிதாங்கிக்கு ஒரு வார வெள்ளோட்டம்

ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பகடை ஆட்டத்துக்குப் புது விதிப்புத்தகம் வந்திருந்தது. அரக்கர் காட்டுக்குள் போகும் எங்கள் நால்வர் படையில் நான் எப்போதும் வைத்தியன். வைத்தியனுக்குள் இப்போது ‘வலிதாங்கி’ என்று ஓர் உட்பிரிவு சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரின் வலியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்பவன். அந்த வேடத்தை ஆட்டத்தில் எடுப்பதற்கு முன், புத்தகத்தோடு வந்த மந்திரக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் அப்படியே வாழ்ந்து பார்க்க வேண்டும். நடுவில் கழற்றினால் ஆட்டத்திலிருந்து நீக்கம்.

திங்கள் காலை சமையலறை வாசலில் நின்று பெருமையாகக் கட்டினேன். அடுத்த நொடி இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஆட்டத்தை நடத்தும் இக்பாலுக்குப் போன் போட்டேன்.

“பட்டையில கோளாறுடா! உயிர் போகுது!”

“வீட்ல வேற யாரு இருக்கா?”

“வினோதினி மட்டும்தான். அவ நல்லாத்தான் இருக்கா.”

தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

“ஏங்க, இடுப்பு வலியையே காணோம்!”

“எத்தனை நாளா இருக்கு?”

“பாப்பா பொறந்ததுல இருந்து. சொன்னேனே. வெந்நீர் குடின்னீங்க.”

பாப்பா இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

வெந்நீர் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வினோதினியிடம் பட்டையின் கதையைச் சொல்லிவிட்டுச் சோபாவில் சுருண்டேன். பத்து மணிக்கு வினோதினி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“எழுந்திருங்க, பல் டாக்டர்கிட்ட போகணும். கடவாய்ப்பல்லைப் புடுங்கப் பயந்துக்கிட்டு மூணு வருஷமா தள்ளிப்போட்டேன். மரத்துப்போற ஊசிகூட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்தா போதும்.”