குன்றின் இரு பக்கம்

"நம்ம டேட்டாவை அவங்ககிட்ட கொடுத்துட்டு, நாளைக்கு நம்ம கழுத்துக்கே கத்தி வந்தா யார் பொறுப்பு?" புதிதாக வந்திருந்த மேலாளர் மேஜையைத் தட்டினார்.

"நான் பொறுப்பு சார்," என்றார் வௌவாலம்மா. காற்றாலைக்கு அடியில் செத்து விழும் வௌவால்களைத் தேடி எடுத்து ஆராயும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. "எங்க விழுது, எப்ப விழுதுன்னு எனக்குத் தெரியும். எந்த வழியா வருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

குன்றின் மறுபக்கக் காற்றாலைகள் போட்டி நிறுவனத்துடையவை. அதன் ஆய்வாளர், தாடிக்காரர், தன் மேலாளருடன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வௌவால் சத்தம் எங்க மைக்குல பதிவாகியிருக்கு. முதல்ல உங்களதைக் காட்டுங்க."

"நாங்க என்ன இளிச்சவாயங்களா? ரெண்டும் ஒண்ணாத்தான் திரையில வரணும்," என்றார் வௌவாலம்மா.

"கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்!"

இரு தரப்பு வக்கீல்களும் மல்லுக்கட்டி, ஒருவழியாக ஒப்பந்தம் கையெழுத்தானது. திரையில் இரண்டு வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

எல்லாரும் திரைக்கு அருகே நகர்ந்தனர். வௌவால்கள் வரும் வழியைக் காட்டிய தாடிக்காரரின் நீலக்கோடு குன்றின் உச்சியில் முடிந்த இடத்தில், வௌவாலம்மாவின் சிவப்புப் புள்ளிகள் தொடங்கின.

"காத்து மந்தமா இருக்கிற அந்தி நேரத்துலதான் கடக்குது," என்றார் தாடிக்காரர்.

"அப்ப மட்டும் விசிறியை நிறுத்தினா போதும் சார்! அந்தக் காத்துல கரண்டும் பெருசா வராது," என்றார் வௌவாலம்மா.

"இவ்வளவுதானா?" மேலாளர் எதிர்த்தரப்பு மேலாளரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். "இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்தே நிறுத்திடுவோம்!"

இத்தனை காலம் செத்ததையே கையில் ஏந்திய வௌவாலம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்ததும் மேலாளர் கார் கதவைத் திறந்தார். "ஜெயிச்சுட்டீங்க மேடம்! வாங்க, வீட்டுல இறக்கி விடறேன்."

"வேண்டாம் சார், அவர் வண்டியிலயே போயிடறேன்." தாடிக்காரர் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"போட்டிக் கம்பெனிக்காரர் கூடவா?"

"என் வீட்டுக்காரர்தான் சார். எங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டரும் இத்தனை வருஷமா ஒரே மேஜையிலதான் இருக்கு. எட்டிப் பார்த்திருந்தா, கம்பெனிக்குப் போட்ட கையெழுத்துக்கு என்ன சார் மரியாதை?"