வலது கதவுக் கண்ணாடி

பற்பசையைப் பிதுக்கிப் பனியன் துணியில் தடவி, கார்க் கதவருகே உட்கார்ந்து, அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்று வாரத்தில் இது ஏழாவது டியூப். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் வீட்டுக்காரருக்குப் பாதிக்கு மேல் கட்டின பல்.

மளிகைக்கடை சுலோச்சனாவால் பொறுக்க முடியவில்லை. கேட்டேவிட்டாள்.

"பல்லுக்கு இல்லீங்கக்கா."

அவ்வளவுதான் பதில். அரைமணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதுவே இந்தத் தெருவுக்குத் தாமதம்.

கார்க் கண்ணாடிக்கு.

கண்ணாடி என்பது பேச்சுக்கு. அசல் கண்ணாடிகளை அவள் மகன் தரணி கழற்றி, பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் போட்டு ஒரு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் தகடு வெட்டிவைத்து, சுற்றிலும் திருகாணி முடுக்கியிருந்தான். ஏற்ற முடியாது, இறக்க முடியாது. பார்க்கலாம். அவ்வளவுதான்.

ரேஸுக்குப் போகிற வண்டியாம். கனமே ஆகாதாம். பின்சீட்டு போயிற்று. பக்கத்து சீட்டு போயிற்று. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் விடவில்லை.

"கண்ணாடியில மட்டும் பதினோரு கிலோ மிச்சம்மா" என்று அவன் குதித்தான்.

"ரெண்டு நாள் நான் சோறு போடாம இருந்திருந்தா நீயே அவ்வளவு இளைச்சிருப்பே" என்றாள் அவள்.

கோயமுத்தூரில் இந்தப் பைத்தியம் பிடித்த வீடு தெருவுக்கு ஒன்று இருக்கும். இந்தத் தெருவுக்கு இது.

போட்டிக்கு முந்தின நாள் வண்டி முழுக்கச் சேறு. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, பிள்ளைக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அவள் கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கிற பவுடருமாக இறங்கினாள்.

கண்ணாடியாக இருந்தால் பளிச்சென்று ஆகியிருக்கும்.

வலது கதவு முடிவதற்குள் அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டான். தகடு பால் ஊற்றினதுபோல் வெளுத்துக் கிடந்தது.

திட்டியிருக்கலாம்.

"முன்னாடி பாத்துத்தானேம்மா ஓட்டப்போறேன். விடு."

மறுநாள் காலை கிளம்பினான். அந்த வண்டி போடுகிற சத்தத்துக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்து அவளைத் திரும்பிப் பார்த்தான். வாய் அசைந்தது. வெள்ளைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி போய்விட்டது.

சாயங்காலம் வண்டி மட்டும் வந்தது.

டிராக்கில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாக வந்தானாம். அந்தச் சந்தோஷத்தில் யாருடைய பைக்கிலோ பின்னால் ஏறி டீ குடிக்கப் போயிருக்கிறான். டிப்பர் லாரி.

காரை அவன் சிநேகிதன் அஸ்லம் ஓட்டிவந்து நிறுத்தினான்.

காருக்கு ஒரு கீறல் இல்லை. இருந்த கீறலெல்லாம் அவள் போட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

அவன் "போயிட்டு வர்றேன்" என்றானா, "போறேன்" என்றானா.

சின்ன வயதிலிருந்தே அவசரத்தில் "போறேம்மா" என்பான். அவள் கேட்டைத் தாண்ட விடமாட்டாள். திரும்பக் கூப்பிட்டு, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான், இன்டர்வியூவுக்கும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன வீட்டு வாசலிலேயே ஒருமுறை திரும்பச் சொல்லவைத்தாள். அந்தச் சம்பந்தம் ஏன் முறிந்தது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை.

அன்று ஒருநாள்தான் திருத்தவில்லை. காதில் விழாததை என்னவென்று திருத்துவாள்?

தெருவில் ஒவ்வொருவரையாக நிறுத்திக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் அன்று வாசலில் நின்றவர்கள்தான். அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லக்கூடியவர்கள்.

ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

"புதுத் தகடு வெட்டி மாட்டித் தர்றேம்மா. பத்து நிமிஷ வேலை" என்றான் அஸ்லம்.

வேண்டாமென்றுவிட்டாள். இது தெளிந்தால் போதும். அடியில் அந்த வாய் இன்னும் அசைந்துகொண்டிருப்பதுபோல, நோகாமல் தேய்த்தாள்.

இன்று தெளிந்துவிட்டது. முழுசாக இல்லை. முகம் தெரிகிற அளவுக்கு.

"ஏனுங்க, கொஞ்சம் உள்ள உக்காருங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். "வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு ரெண்டையும் சொல்லுங்க. ஒண்ணொண்ணா."

வாய் எவ்வளவு நேரம் அசைகிறது என்று பார்த்தால் போதுமாம். அன்று அவன் வாய் எவ்வளவு நேரம் அசைந்தது என்பது மட்டும் அவளுக்கு நினைவில் இருக்கிறது.

அவர் ராகுகாலத்தில் வீடு குடிவந்த மனிதர். பூனை குறுக்கே வந்தால் நின்று வழிவிட்டுவிட்டுப் போகிறவர். ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று மூன்று வாரமாக அவளைக் கடிந்துகொண்டிருந்தவரும் அவர்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். உட்கார்ந்து கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார்.

சத்தம் கேட்டுத் தெரு வெளியே வந்தது.

அவர் சொன்னார். உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்து மெல்ல நீண்டது. போயிட்டு வர்றேன்.

அவள் தலையாட்டினாள். அடுத்தது என்று விரல் காட்டினாள்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

அவள் தட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார். சொன்னார்.

முன்னே சொன்னதையேதான்.

இல்லை, மற்றது, என்று அவள் கையை ஆட்டினாள். அவர் தலையை அசைத்து மாட்டேன் என்றார். மறுபடி அதையே சொன்னார். கன்னம் நனைந்திருந்தது. இன்னொரு தடவை சொன்னார்.

அவள் கை அப்படியே தகட்டில் நின்றது.

"சரி" என்றாள். "போயிட்டு வா."