பாவாடையின் வேண்டுதல்

"நீ ஊரு பக்கமே வரக் கூடாதுன்னு சாமிக்குத் தேன் ஊத்திக்கினு இருக்கான்டா உன் குத்தகைக்காரன்" என்றார் சித்தப்பா தனசேகரன்.

ஜெர்மனியில் ஆய்வுக்கூட வாசலில் நின்றிருந்த சுபாஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று காலையில்தான் அவனைக் கூப்பிட்டு, ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் களமருதூருக்குப் போன் போட்டான்.

சித்தப்பா விடவில்லை. குத்தகைக்காரன் பாவாடை பிரதோஷம் தவறாமல் ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போகிறானாம். கல்வராயன் மலைத் தேனாக வாங்கி வந்து, சுபாஷ் பெயருக்கு அபிஷேகமாம். வேலை அங்கேயே நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டுதலாம்.

"நீ அங்கயே தங்கிட்டா நெலம் யாருக்கு? அவனுக்குத்தான. இன்னா கணக்கு பாரு. பேசாம அவங்கிட்டேர்ந்து வாங்கி எங்கிட்ட வுடு. உங்கப்பனுக்குக் கொள்ளி வச்சவன் நானு. பாத்துக்க மாட்டனா?"

கொள்ளிப் பேச்சு சுபாஷைக் குத்தியது. போன வருடம் அப்பா இறந்தபோது அவனால் ஊருக்கு வர முடியவில்லை. போனில்தான் பார்த்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாவற்றுக்கும் பாவாடைதான் ஓடுகிறான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் அதெல்லாம் என்று சித்தப்பா அதையும் ஒரு பிடி பிடித்தார்.

நல்ல வார்த்தை மனசில் இறங்க நாளாகும். கோள் உடனே இறங்கிவிடும். இந்த அறுவடையோடு குத்தகையை முடித்துவிடுவது என்றே சுபாஷ் தீர்மானித்துவிட்டான். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பாவாடையைக் கூப்பிட்டான்.

"வேல நிரந்தரமாயிடுச்சுண்ணே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பாவாடை அழுதுகொண்டிருந்தான்.

சுபாஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ்ளோ சந்தோஷமாண்ணே? நான் திரும்பி வரவே கூடாதுன்னுதான் தேன் அபிஷேகம் பண்ணீங்களாமே."

"யாரு தம்பி அப்படிச் சொன்னது?" பாவாடையின் குரல் இறங்கிவிட்டது. வேலை நிரந்தரமாகணும் என்று வேண்டிக்கொண்டது நிஜம்தான் என்றான். அதை மறைக்கவில்லை.

"நீங்களே கேட்டுட்டீங்க, சொல்றேன். அப்பாவ எரிச்சன்னிக்கு சுடுகாட்டுல உங்களுக்குக் காட்டறதுக்குப் போனப் புடிச்சுக்கினு நின்னவன் நானு. 'கான்ட்ராக்ட் முடியற நேரம்ண்ணே, இப்பக் கெளம்புனா திரும்ப உள்ள வுட மாட்டான். நிரந்தரமா ஒரு வேல இருந்திருந்தா ஓடியாந்திருப்பேனே'ன்னு நீங்கதான தம்பி அழுதீங்க."

பாவாடை மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

"அம்மாவுக்கும் வயசாவுது தம்பி. இனிமே கூப்புட்டா வந்துடுவீங்க இல்ல?"