குறி விழாத வரி

கிளிஞ்சல்மேட்டில் வெயில் சாய்கிறது. வாசலில் நாளைய கருமாதிக்குப் பந்தல்கால் ஊன்றுகிறார்கள். கடலுக்குப் போய் ஆறு மாதமாகப் படகோடு திரும்பாத, அஞ்சலாட்சியின் புருஷனுக்கான கருமாதி அது. உள்ளே அவள், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருக்கிறாள். பேச்சில் உருவகம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க, மெட்ராஸில் படிக்கும் தம்பி கலியமூர்த்தி எழுதிய புரோகிராம் அச்சடித்த தாள். ஊரார் பேச்சையும் அவள் பேச்சையுமே அதற்குக் கொடுத்துவிட்டு, இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். “இந்த வரியில மட்டும் ஏன் தம்பி நட்சத்திரம்?” “‘கடல் அவரத் தின்னுடுச்சு’ன்னு எல்லாரும் சொல்றாங்கல்லக்கா, அது. கடலுக்கு வாயில்ல, திங்காது. பொருந்தாததுக்கு மிஷின் குறி போட்டுடும்.” “நான் சொன்னது?” “‘அவரு கரைக்கு வந்துடுவாரு.’ மனுசன் கரைக்கு வர்றது வழக்கந்தானே, அதான் குறி போடல.” காயப்போட்ட வலையில் காற்று உரசுகிறது. அவள் நிமிர்கிறாள். “அப்ப அவங்க சொன்னதத்தான் மிஷின் ஒத்துக்கல.” அவள் குங்குமச் சிமிழை எடுத்து, வியர்வையில் கரைந்த பொட்டின்மேல் புதுப் பொட்டை அழுத்தி வைக்கிறாள். “பந்தல்காரங்கள வீட்டுக்குப் போவச் சொல்லு தம்பி.”