ஒகிசோவின் மூக்கு

காலை வெயில் அச்சுப்பட்டறையின் காகிதக் கதவில் பட்டு உள்ளே பரவுகிறது. படம் செதுக்கி மை பூசிய மரக்கட்டையின் ஓரத்தில் வெட்டிய பள்ளத்தில் ஈரத்தாளின் மூலையைப் பொருத்தி, அதன் முதுகை வட்டத் தேய்ப்பானால் தேய்க்கிறார் மொஹெய். மூலை மயிரிழை பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். தாளை உரிக்கிறார். நாடகத்தில் பெண்வேடம் கட்டும் ஒகிசோவின் முகம் எழுகிறது, பெரிய மூக்கோடு. பின்னால் நிற்கும் ஒகிசோ விசிறியால் தன் மூக்கை மறைத்துக்கொள்கிறார். "எனக்கு முன்னாடி மூக்கு மேடைக்கு வந்துடும் போலிருக்கே. கட்டையில அதைக் கொஞ்சம் சீவிடுங்க, மொஹெய்." பத்து நாள் உழைப்பு அது. மொஹெய், இன்னும் பெயர் அச்சிடாத அந்தத் தாளை வாசல் கயிற்றில் காயப்போடுகிறார். தெருவில் போகும் மீன்காரி கூடையை இறக்கிவிட்டுக் கூட வருகிறவளை இழுக்கிறாள். "அடியே, நம்ம ஒகிசோடி. அந்த மூக்குக்காகவே நாலு தடவை நாடகம் பார்த்தேன்." உள்ளே ஒகிசோ விசிறியை மடக்குகிறார். வெயில் முதலில் அவர் மூக்கில்தான் விழுகிறது.