தாண்டக் கூடாத ஓலை

"சிஸ்டர், அந்த டிஷ்ஷை உடனே அணைங்க! தலைநகர் விலாவிலிருந்து டெலிகாம் ஆபீசர் வந்து இறங்கிட்டாரு!"

"வாயை மூடு, டோரான்!" ஜன்னலுக்குள்ளிருந்து நர்ஸ் லெய்மாரா சீறினாள். "குழந்தை கால் பக்கமா வருது. பெரியாஸ்பத்திரி டாக்டர் வீடியோவுல பாத்துப் பாத்துச் சொல்லிட்டிருக்காரு. இப்ப லைன் போச்சுன்னா உன் பொண்டாட்டி பிழைக்க மாட்டா. அந்த ஆளை எப்படியாவது வெளியிலயே நிறுத்து!"

ஊரே கொப்பரை விற்ற காசைப் போட்டு வாங்கிய சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் அது. ஊருக்கே பொது என்பதால் பாஸ்வேர்டுகூட வைக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேலி போட்ட சேம்புத் தோட்டத்தில் வானத்தைப் பார்த்து நின்றது.

டோரான் ஓடிப்போய் ஒரு நமேலே ஓலையை வெட்டி வந்து தோட்டத்து வாசலில் குத்தினான். அது நிற்கும் இடத்தைத் தாண்டினால், ஊர்க் கட்டுப்பாட்டின்படி ஒரு பன்றி அபராதம். ஆனால் அதைக் குத்தும் உரிமை ஊர்த் தலைவருக்கு மட்டும்தான். மனுஷன் சாண்டோ தீவுக்குப் போயிருந்தார்.

கால்தாக் என்ற அந்த ஆபீசர் போனைப் பார்த்தபடியே வந்தார். ஓலையைக் கண்டதும் நின்றார்.

"யாருப்பா வெச்சது?"

"தலைவர், சார்."

"அவர் ஊர்ல இல்லைன்னு படகுக்காரன் சொன்னானே?"

"போறதுக்கு முன்னாடி வெச்சுட்டுப் போனாரு, சார். போன வாரம்."

ஆபீசர் ஓலையைத் தடவினார். வெட்டிய இடத்தில் பிசின் கசிந்தது. "இன்னும் பச்சையாவே இருக்கே!"

"எங்க ஊர் மண்ணு அப்படி, சார்."

ஆபீசர் மறுபடியும் போனைப் பார்த்தார். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டு, பலாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "தாண்டினா பன்னி கட்டணும். எங்கிட்ட ஏதுய்யா பன்னி? சரி, உங்க டவர் என்னாச்சு?"

"புயல்ல சாஞ்சுது, சார். அன்னையிலேர்ந்து இந்தத் தீவுல ஒரு போனும் பேசறதில்ல. போன் கம்பெனிக்காரனை நிமிர்த்தச் சொன்னா, இருநூறு பேருக்குக் கட்டுப்படியாகாதாம்."

"அதான் போட்டிக்கு இன்னொரு கம்பெனி வந்திருக்கே?"

"ரெண்டும் விலாவுலதானே சார் போட்டி போடுது! எங்ககிட்ட யாருமே போட்டிக்கு வர மாட்டேங்கறாங்களே."

ஆபீசர் சிரித்துவிட்டார். "லைசென்ஸ் சீக்கிரம் தருவாங்கன்னு பேச்சு. ஆனா அதுவரைக்கும் டிஷ்ஷைப் பாத்தா பறிமுதல் பண்ணணும். அதுதான் என் வேலை."

உள்ளேயிருந்து ஓர் அலறல். ஆபீசர் விருட்டென்று எழுந்தார்.

"என்னய்யா சத்தம்?"

"என் பொண்டாட்டி, சார். பிரசவம்."

ஆபீசர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்தார். "நா வறளுது. ஒரு இளநீர் வெட்டு."

குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். ஓர் இளநீரை இவ்வளவு நேரம் குடிக்கிற ஆளை டோரான் பார்த்ததே இல்லை. 'குடிய்யா, நல்லா நிதானமா குடி' என்று மனசுக்குள் கும்பிட்டான்.

அப்போதுதான் வீல் என்று குழந்தை அழுதது.

"பொண்ணு!" என்று கத்தினாள் லெய்மாரா. "ரெண்டு பேரும் சுகம்!"

டோரான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து விம்மினான். ஆபீசர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனை எடுத்து ஏதோ தட்டினார்.

"என் வேலை முடிஞ்சுது. இந்தத் தீவுல டிஷ்ஷும் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாதுன்னு ஆபீசுக்கு அறிக்கை அனுப்பியாச்சு. வரட்டுமாப்பா?"

படகு கண்ணுக்கு மறையும்வரை பொறுத்திருந்தான் டோரான். பிறகு ஒரே ஓட்டமாக ஜன்னலுக்கு வந்தான்.

"சிஸ்டர், அந்த ஆளை நல்லா ஏமாத்திட்டேன்! இங்க இன்டர்நெட்டே கிடையாதுன்னு, என் கண்ணு முன்னாடியே அறிக்கை அனுப்பிட்டுத்தான் போனாரு!"

கை கழுவிக்கொண்டிருந்த லெய்மாரா நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுலய்யா அனுப்பினாரு?"